வேலுசாமி வைத்த ரப்பர் வளையம்

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் லொறி ட்ரைவர் என்றால் வேலுசாமி ஒருவன்தான். ஏழு வயதில் கப்பல் ஏறி வந்தவன். முதலில் மாட்டு வண்டி ஓட்டினான்; தோட்டத்துக்கு லொறி வந்த வருஷம் மாட்டை அவிழ்த்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். எஞ்சின் இருமினால் எந்த இடத்தில் கோளாறு என்று காதாலேயே சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட கெட்டிக்காரனுக்கு ஒரு சொல் மட்டும் வாயில் வராது. தோட்டத்தை நடத்தும் துரையைப் பார்த்து "இல்லை" என்பது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அதெல்லாம் வேறு எங்கேயோ. தோட்டத்தில் வாயை மூடிய பிள்ளைதான் பிழைக்கும்.

மலேரியாக் காய்ச்சல் கேகாலைப் பக்கம் ஆளை அள்ளிக்கொண்டு போன வருஷம் அது. கிழட்டு லொறி மேட்டில் இழுவை காணாமல் திணறியது. கொழும்புக்குப் போன துரை, வேறொரு புது மாடல் லொறியிலிருந்து கழற்றிய மேனிபோல்டை வாங்கி வந்தார். கார்பரேட்டரில் கலக்கிற காற்றையும் பெட்ரோலையும் எஞ்சினுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற இரும்புக் குழாய் அது. பழையதை வேலுசாமி கையாலேயே கழற்ற வைத்து, அன்றே உடைசல் இரும்போடு அனுப்பிவிட்டார்.

வேலுசாமி புதியதை எஞ்சினோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். குழாயின் வாய் எஞ்சின் துவாரத்துக்கு இரண்டு நூல் தள்ளி நின்றது. இடுக்கில் நகம் நுழைந்தது.

"என்ன வேலுசாமி, ஓடும்தானே?" என்றார் துரை.

"ஓடுங்க தொர."

சொல்லியாயிற்று. இனி ஓட வைக்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் எது ஒழுகினாலும் மருந்து ரப்பர்தான். கூரை ஒழுகினாலும் ரப்பர், வாளி ஒழுகினாலும் ரப்பர். வேலுசாமியும் புகையறையில் காய்ந்த ரப்பர் ஷீட்டை வளையமாக வெட்டி, இடுக்கில் வைத்துப் போல்ட்டை முறுக்கினான். சூடும் பெட்ரோலும் பட்டால் ரப்பர் இளகும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். நாலு நாளில் நல்ல தகடு தேடி மாற்றிவிடலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான், பாவி. துரை முன்னால் ஸ்டோரைச் சுற்றி ஒரு வட்டம் ஓடியது லொறி. துரைக்குப் பரம சந்தோஷம்.

மூன்றாம் நாள் அவன் பெண்சாதி பாவாயிக்குக் காய்ச்சல் தலைக்கேறியது. கொயினா மருந்துக்கும் கேட்கவில்லை. "கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. பொழுது சாயுறதுக்குள்ள சேத்துரணும்" என்றார் டிஸ்பென்சரி ஐயா. துரை மறுபேச்சில்லாமல் லொறியைக் கொடுத்தார். அவர்மேல் பழி போடவும் வழியில்லை பாருங்கள்.

இரண்டாம் மைலில் மேடு ஆரம்பித்தது. எஞ்சின் சூடேறியது. உஸ்ஸென்று காற்று உறிஞ்சும் சத்தம் வந்தது. இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. எஞ்சின் மூடியைத் திறந்தான். ரப்பர் வெல்லப்பாகாக உருகி உள்ளே இழுபட்டிருந்தது. விரல் வெந்தது தெரியாமல் சுரண்டினான். தலைப்பாகைத் துணியைக் கிழித்துத் திணித்தான். கிளப்பினால் கிளம்பும், நாலு முழம் நகரும், செத்துப்போகும். பாதையில் முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. ரப்பர் மரங்கள்தான் நின்றன.

"ஏங்க, வண்டி நின்னுருச்சா?" முனகினாள் பாவாயி.

வேலுசாமி அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். "அந்தச் சாமான் நம்ம வண்டிக்குச் சேராது புள்ள. பாத்த ஒடனே தெரிஞ்சுச்சு. ரப்பர வச்சு மறச்சுட்டேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

"அத தொரகிட்டயே சொல்லியிருக்கலாமேங்க" என்றாள்.

வேலுசாமி வெந்த விரலால் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தான். துடைத்து முடிப்பதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள், பாவாயியைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவனைத் தேடித் துரை அவன் குடியிருந்த லயத்துக்கே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முகத்தில் உண்மையான வருத்தம்.

"வண்டிக்கு என்ன ஆச்சு, வேலுசாமி?"

வேலுசாமி எழுந்து, வெந்த கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மேடு ஜாஸ்திங்க தொர" என்றான்.