பதினோராம் யன்னல்

பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வகை ஓய்வூதியக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு வகை காலையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு நாட்டைத் திட்டும். மற்றது கோயில் நிர்வாக சபைக்குள் புகுந்து ஆளையாள் திட்டும். பாக்கியரத்தினம் இரண்டிலும் சேராமல் யுத்தக் கப்பல் செய்துகொண்டிருந்தார்.

நாங்கள் இருவரும் ஒரே நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்தவர்கள். நான் களஞ்சியம் பார்த்தேன். அவர் படவரைஞர். வெருகலிலிருந்து கிளிவெட்டி வரை எத்தனையோ வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் படம் கீறியவர். அந்தக் கையை ஓய்வுபெற்ற பிறகு சும்மா வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். பாக்கியர் அரத்தை எடுத்து எதையாவது தேய்க்கத் தொடங்கிவிடுவார்.

கப்பலின் நீளம் இரண்டே முக்கால் அடி. இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற ஒரு சிறிய ஆங்கிலேயக் காவற்கப்பல். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. அதற்கு ஒன்பது வருடம். ஒன்பது வருடத்தில் ஒரு பிள்ளையைப் பெற்று நாலாம் வகுப்பு வரை அனுப்பிவிடலாம். இவர் பீரங்கிக் குழாய்க்காக மருந்தேற்றுகிற ஊசி வாங்கி வாங்கி, தனக்கு நீரிழிவு என்று ஊர் முழுக்கக் கதை பரவ விட்டதுதான் மிச்சம். என் மனைவி இரக்கப்பட்டு ஒரு மாதம் பாகற்காய்க் கறி கொடுத்தனுப்பினாள். அந்த மனிதர் உண்மையைச் சொல்லாமல் அதையும் சாப்பிட்டார்.

செய்வது ஒரு பங்கு என்றால் ஆராய்வது ஒன்பது பங்கு. கப்பலின் குசினிப் புகைபோக்கி வட்டமா நீள்வட்டமா என்று இங்கிலாந்தில் ஏதோ ஒரு நூதனசாலைக்கு மின்னஞ்சல் போட்டார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்களுக்குத் தெரியாது என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். இவர் அதை அச்செடுத்துக் கோப்பில் போட்டு எனக்கும் காட்டினார். தெரியாது என்ற பதிலைக் கோப்பில் போட்டு வைக்கிற ஆளோடு என்னதான் கதைப்பது.

இத்தனைக்கும் காரணம் அவருடைய அப்பா. அவர் பத்தொன்பது வயதில் துறைமுகத்து டொக்யாட்டில் பெயின்ற் அடிக்கிற கூலியாக இருந்தவர். நாற்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் யப்பான்காரன் குண்டு போட்ட அன்று காலை, கப்பலின் பக்கத்தில் கயிற்றில் தொங்கும் பலகையில் இருந்தபடி சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருந்தாராம். அபாயச் சங்கு ஊதியதும் தூரிகையை வாளிக்குள் போட்டுவிட்டு ஏறி ஓடிவிட்டார். அன்றைக்கு ஊரே ஓடியது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிளிவெட்டியில் சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது கப்பல் இல்லை. பாதிப் பூச்சோடேயே எங்கோ புறப்பட்டுப் போயிருந்தது. மீதிப் பாதி துருவுக்கு அடிக்கிற செம்மண் நிறத்திலேயே கிடந்ததாம்.

"பதினோராம் யன்னல் வரைக்கும் அடிச்சனான்" என்று அந்தக் கிழவர் சாகும்வரை சொன்னார். கப்பலின் பக்கத்தில் இருக்கிற வட்டக் கண்ணாடிகளைத்தான் அவர் யன்னல் என்பார். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அவர் கப்பலையே தொட்டதில்லை, வெள்ளைக்காரனின் கக்கூஸ் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர் என்று சிரித்தார்கள். என் தகப்பனும் சிரித்தவர்தான். அந்தச் சிரிப்பைப் பாக்கியர் சிறுவயதில் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். அப்பாவின் சொல் உண்மை என்று நாலு பேருக்கு முன்னால் வைக்கவேண்டும், அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்குத்தான் கப்பல்.

கப்பலின் படம் வந்து சேர்ந்தபோது அந்தப் பக்கத்தில் ஒன்பது யன்னல்தான் இருந்தன. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். அதை மறைக்கப்போவதில்லை.

"கிழவனுக்குக் கணக்குப் பிழைச்சிருக்கும், ஐசே. ஒன்பதிலை நிப்பாட்டிப்போட்டு வேலையை முடியும்" என்றேன்.

"அப்பா பதினொண்டு எண்டவர்" என்றார்.

எட்டு மாதம் ஒரு துண்டு வேலை நடக்கவில்லை. பிறகு, அதே வகைக் கப்பல்களை இரண்டு கப்பல்கட்டும் தளங்களில் கட்டினார்கள், ஒரு தளத்துக் கப்பல்களுக்கு நாலு யன்னல் கூட என்று கண்டுபிடித்தார். யாரோ ஒரு மாலுமியின் பேத்தி அனுப்பிய மங்கல் புகைப்படத்தைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து என்னை எண்ணச் சொன்னார். மூன்று தரம் எண்ணினேன். அந்தப் பக்கத்தில் பதின்மூன்று இருந்தன. முன்பக்கத்திலிருந்து பதினோராவது வரை சாம்பல், மிச்சம் இரண்டும் பின்பக்கமும் செம்மண் நிறம் என்று கப்பலுக்குப் பூசினார். அந்தக் கோட்டைக்கூட நேராக விடவில்லை. அவசரத்தில் விட்ட கை எப்படி விட்டிருக்குமோ அப்படிக் கொஞ்சம் இழுபட்டு நின்றது.

பதினோராம் யன்னலுக்குக் கீழே இரண்டு நூலில் ஒரு பலகை. பலகையில் ஒரு அங்குலத்துக்கும் குறைவான ஒரு மனிதன், இடுப்பில் நீலச் சாரம், வெறும் மேல், கையில் தூரிகை. முகம் கப்பலைப் பார்த்தபடி. திருப்பிப் பார்த்தேன், முகமே செய்யவில்லை.

"என்ன ஐசே, அப்பாவுக்கு முகம் இல்லை?"

"வேலை செய்யிற ஆளுக்கு முதுகுதானே தெரியும்" என்றார்.

இந்தச் சமயத்தில்தான் கடற்கரை மரபுக் கழகம் என்று ஒன்று முளைத்தது. மரபென்றால் இவர்களுக்குப் பதாகை, பொன்னாடை, குத்துவிளக்கு, பிரதம விருந்தினர். இந்த நாலும் சரியாக அமைந்துவிட்டால் காட்சிக்கு வைக்க ஏதாவது பொருள் இருக்கிறதா என்று தேடுவார்கள். அப்படித் தேடியதில் பாக்கியரின் கப்பல் அகப்பட்டது. செயலாளர் திலக்சன் என்ற இளைஞர், கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்து நின்று, நிமிடத்துக்கு ஒரு தரம் "அருமை" என்றார். கப்பலை ஒரு தரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

பாக்கியர் ஒரு பக்கத்தில் அப்பாவின் கதையை எழுதி, கப்பலோடு வைக்கவேண்டும் என்று கப்பலையும் கதையையும் கழகத்திடம் கொடுத்தார். மூன்று மொழியிலும் போட இடம் போதாது என்று அதைச் சுருக்கினார்கள். சுருக்கியதில் அப்பா மூன்று மொழியிலும் காணாமற்போனார். அதற்குப் பதிலாகப் பாக்கியருக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது: ஓய்வுபெற்ற கடற்படைப் பொறியியலாளர். மதகு கீறிய மனிதரை ஒரே இரவில் கடற்படையில் சேர்த்துவிட்டார்கள்.

கண்காட்சி மண்டபத் திறப்பு விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது பாக்கியருக்குக் கண்ணில் வெண்படலம் எடுத்தார்கள். கண்ணில் மூடி போட்டு ஆசுப்பத்திரி வாட்டில் படுத்திருந்தார். தொடர்புக்கு என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருந்ததால் திலக்சன் எனக்கு எடுத்தார்.

"அங்கிள், கப்பல்லை ஒரு பக்கம் பெயின்ற் அடிச்சு முடிக்காமல் கிடக்கு. பிரதம விருந்தினர் நேவியிலை இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் பார்த்தால் எங்களுக்கெல்லோ வெட்கம். கிண்ணியாவிலை நல்ல பெயின்ற்காரர் ஒருத்தர் இருக்கிறார். அவரைக் கொண்டு அடிச்சு முடிக்கட்டோ?"

எனக்குத் தெரியும். பதினோராம் யன்னலை மூன்று தரம் எண்ணியவன் நான். அது அப்படித்தான் இருக்கவேண்டும், கை வையாதேயுங்கோ என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் யோசித்தது வேறு. விழாவுக்கு வங்கி முகாமையாளர் வருவார், என் சம்பந்தி வருவார். அரைகுறையாய் நிற்கிற கப்பலுக்குப் பக்கத்தில் பாக்கியரோடு நானும் நிற்கவேண்டும். கூலிக்குப் பெயின்ற் அடித்த கிழவரின் கதையை ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டும். என் தகப்பனின் சிரிப்பு எனக்குள்ளும் மிச்சம் இருந்திருக்கிறது.

"ஓம், அடியுங்கோ. வடிவா அடியுங்கோ" என்றேன்.

பிறகு மூன்று நாள் ஆசுப்பத்திரிக்குப் போனேன். பாக்கியருக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். ஒரு சொல் சொல்லவில்லை.

விழா எல்லா விழாவையும் போல நடந்தது. பிரதம விருந்தினர் விளக்கேற்றினார், பொன்னாடை வாங்கினார், நீர்மூழ்கிகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். மண்டபத்தில் நீர்மூழ்கி ஒன்றும் இருக்கவில்லை. கப்பலுக்கு முன்னால் அவர் நின்ற நேரம் ஒரு புகைப்படம் எடுக்கிற நேரம். அதிலும் கமராவைத்தான் பார்த்தார்.

கூட்டம் சிற்றுண்டிப் பக்கம் நகர்ந்த பிறகு, அன்று காலைதான் ஆசுப்பத்திரியிலிருந்து வந்த பாக்கியர் கண்ணாடிப் பெட்டிக்குக் கிட்டப் போனார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். புதுக் கண்ணால் தன் கப்பலை முதல்தரம் பார்க்கிறார். குனிந்து, முன்பக்கத்திலிருந்து விரலை வைத்து எண்ணிக்கொண்டு வந்தார். பதினொன்றில் விரல் நின்றது. பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று, பின்பக்கம் முழுதும். எல்லாம் ஒரே சாம்பல், பளபளவென்று. பலகை இல்லை.

"அப்பா எங்கை?" என்றார், கொஞ்சம் உரத்தே.

உதவிக்கு நின்ற ஒரு பிள்ளை ஓடி வந்தாள். வயதான ஒருவர் கூட்டத்தில் தவறிவிட்டார் என்று நினைத்திருக்கிறாள். ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்காக, "ஐயா, அப்பாவுக்கு எத்தினை வயது? என்ன உடுப்பு?" என்று கேட்டாள்.

"பத்தொன்பது" என்றார் பாக்கியர். "நீலச் சாரம்."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். அதற்குள் திலக்சன் வந்து சேர்ந்தார். கெட்டிக்காரர், பழியைக் கையில் வைத்திருக்கத் தெரியாதவர். "சின்னராசா அங்கிளிட்டைக் கேட்டுத்தானே அடிச்சனாங்கள்" என்றார். பாக்கியர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த பாதி தின்ற பற்றிஸைப் பார்த்தேன்.

சுவரோரமாக, அழைப்பிதழ் இல்லாமல் ஒருவர் நின்றிருந்தார். கிண்ணியாவிலிருந்து வந்த ஜவ்பர். தோணிகளுக்குப் பெயின்ற் அடிப்பவர், தன் வேலையைப் பார்க்க வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்துப் பாக்கியரிடம் நீட்டினார். உள்ளே பஞ்சில் பலகையும் அந்த மனிதனும்.

"கழட்டி வீசச் சொன்னாங்க சேர். மனசு வரல்ல. நாங்க பலகையில குந்துற மாதிரியே குந்தியிருந்தார், ஒரு காலைக் கப்பல்ல ஊண்டிக்கிட்டு. செஞ்ச ஆளுக்கு வேலை தெரியும் எண்டு விளங்கிச்சு. சொந்தக்காரர்ட்டக் கேட்டீங்களா எண்டு மூணு தரம் கேட்டன். கேட்டாச்சு எண்டாங்க."

மூன்று தரம். அந்தக் கப்பலைப் பெயின்ற் அடிக்க வந்த அன்றுதான் முதன்முதல் கண்ட மனிதர்.

பாக்கியர் பெட்டியை வாங்கிப் பையில் வைத்தார். கப்பலை இன்னொரு தரம் பார்த்தார். "நல்ல கை. தூரிகைக் கோடு ஒண்டும் தெரியேல்லை" என்று ஜவ்பரிடம் சொன்னார். சும்மா சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னார். படவரைஞர் புத்தி அப்படி.

வீட்டுக்கு ஒரே ஓட்டோவில் போனோம். உட்துறைமுக வீதி முடிகிற இடத்தில் நான்தான் கதையைத் தொடங்கினேன்.

"சுரண்டி எடுத்துப்போட்டுத் திருப்பி அடிக்கலாம், ஐசே. நானும் வாறன்."

"எனக்கு இப்ப எழுபது" என்றார். கொஞ்சத் தூரம் போன பிறகு, "அப்பா எந்த யன்னலிலை விட்டவர் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். பிறகு, "உமக்கும் தெரியும்" என்றார். அந்த விசயத்தைப் பற்றி அவர் என்னோடு கதைத்தது அவ்வளவுதான்.

கப்பல் இப்போதும் அந்த மண்டபத்தில் நிற்கிறது. வருகிறவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பதினோராம் யன்னலுக்கும் பன்னிரண்டாம் யன்னலுக்கும் இடையில் ஒன்றுமில்லை. பாக்கியர் அங்கே போவதில்லை.

புதன்கிழமைகளில் நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். முன்பு போலவே கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி தருகிறார். நாட்டு நடப்புக் கதைக்கிறார், என் முழங்கால் வலியை விசாரிக்கிறார். என் கதிரைக்கு நேரே யன்னல் கம்பியில் இரண்டு நூலில் அந்தப் பலகை தொங்குகிறது. கப்பல் இல்லை. தேத்தண்ணி குடித்து முடியுமட்டும் அந்தப் பத்தொன்பது வயது மனிதன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறான்.