ஞானேஸ்வரியின் கைராசி

கிளிநொச்சிப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளர்களை ட்ரொலியில் தள்ளிக்கொண்டு போவது ஞானேஸ்வரியின் வேலை. தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கேதான்.

ஒரு நெல் வெட்டுக் காலத்தில், கண்டாவளை வயலில் பாம்பு கடித்த ஒருவரை அவர் உள்ளே தள்ளிக்கொண்டு போனார். ஆள் பிழைத்தார். மருந்தேற்றிய டொக்டருக்கு அடுத்த மாதமே இடமாற்றம் கிடைத்தது. ஞானேஸ்வரி எங்கேயும் போகவில்லை. ஆகவே பெயர் அவருக்கு வந்து சேர்ந்தது. அவர் கைபட்டு உள்ளே போனால் ஆள் திரும்பி வரும் என்று இரணைமடு வரைக்கும் கதை போனது. முன்பு அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசித்த சனம், இப்போது வாழைக்குலையோடு வாசலில் நின்றது. அவர் குலையை வாங்கிக்கொண்டார். தண்ணீர் கொடுத்தாரா என்று நான் விசாரிக்கவில்லை.

அப்போது அவசர சிகிச்சைப் பிரிவில் மூன்றே கட்டில். நான்காவதாக வருபவர் சுவரோர மர வாங்கில் குந்தியிருந்துதான் அவசரப்படவேண்டும். பிறகு பிரிவைப் பெருப்பித்தார்கள். பன்னிரண்டு கட்டில், கண்ணாடிக் கதவு, அம்புலன்ஸ் நிற்கத் தனிக் கூரை. பால் காய்ச்சி, நாடா வெட்டி, பேச்சாளர்கள் களைத்த பின் திறந்துவிட்டார்கள்.

யாரும் உள்ளே போகவில்லை. புதுக் கட்டிலில் முதலாவதாகப் படுக்க எவருக்கும் மனமில்லை. “வேற ஆக்கள் போகட்டும், பிறகு வாறம்” என்று பழைய அறையில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் கிடந்தார்கள். கடைசியில் ஞானேஸ்வரிதான் ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டுபோய்க் குடியேற்றினார். நிர்வாகத்துக்குச் சந்தோசம். ஆனால் அன்றிலிருந்து, புதுக் கதவைத் தாண்டுவதென்றால் அவரே தள்ளவேண்டும் என்றாகிவிட்டது. கட்டில் பன்னிரண்டு, ஞானேஸ்வரி ஒருவர்.

போன மாசி மாதம், கண்டாவளையில் வயல் செய்யும் கமக்காரர் தவராசாவை நெஞ்சுநோவோடு ஓட்டோவில் கொண்டுவந்தார் மனைவி அருந்ததி. மனுசன் வியர்த்து, முகம் சாம்பல் பூத்துக் கிடந்தார். புதிதாக வேலைக்கு வந்த பிரதீபன் அவரை ட்ரொலியில் ஏற்றிக் கதவடி வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அங்கே அருந்ததி ட்ரொலியின் கம்பியைப் பிடித்து மறித்துக்கொண்டார்.

“ஞானேஸ்வரி அக்கா எங்கை?”

“அவா உள்ளை வேலையா நிக்கிறா. விடுங்கோ அம்மா, நான் கொண்டு போறன்.”

“நீர் எப்ப வேலைக்கு வந்தனீர்?”

“போன கிழமை.”

“அப்ப அவா வரட்டும்.”

ஞானேஸ்வரியால் வரமுடியாது. மோட்டார் சைக்கிளில் வந்து மாட்டோடு மோதிய நாயாற்றுப் பக்கத்து மீன் வியாபாரி கிருபனின் தொடைக் காயத்தை, திரைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். டொக்டர் தைக்க வரும்வரை கையை எடுக்கவேண்டாம் என்பது தாதி மிஸ்ஸியின் கட்டளை. திறந்த கதவுக்கு வெளியே தவராசாவின் முகம் தெரிந்தது. கையை எடுத்தால் கிருபன் போய்விடலாம்; எடுக்காவிட்டால் தவராசா.

“தங்கச்சி, எனக்காக நிக்காதையுங்கோ,” என்றார் ஞானேஸ்வரி. “இப்பதான் என்ர கையிலை ஒரு சீவன் போச்சுது. இண்டைக்கு என்ர கை சரியில்லை. நான் தொட்டால் உங்கடை மனுசனுக்கும் கூடாது.”

திரை மறைவில் கிடந்த கிருபன் தலையைத் தூக்கி மெல்லக் கேட்டார். “அக்கா, அது நானோ?”

“நீர் வாயை மூடிக்கொண்டு கிடவும்.”

அருந்ததி கம்பியை விட்டார். விட்டதோடு நிற்காமல், “தம்பி, கெதியாக் கொண்டு போம். அவாவின்ரை பக்கத்தாலை போகாதையும்,” என்று பிரதீபனுக்கு வழியும் சொன்னார்.

தவராசா பிழைத்தார். கதையும் பிழைத்து ஊர் ஊராகப் போனது. அடுத்த கிழமையே ட்ரொலியில் ஞானேஸ்வரியின் கையைக் கண்டவர்கள், “நீங்கள் விடுங்கோ, வேற ஆரும் வரட்டும்,” என்றார்கள். வேற ஆர் என்பதில் பிடிவாதம் இல்லை. யார் நின்றாலும் உடனே உள்ளே போனார்கள். முறைப்பாடு கூடியதால் தலைமைத் தாதியான மேற்றன் ஞானேஸ்வரியைத் துணி வண்டிக்கு மாற்றினார். படுக்கை விரிப்புகள் ராசி பார்ப்பதில்லை.

தையல் வெட்ட வந்த கிருபன், ஒரு பை மீனோடு அவரைத் தேடிப் போனார்.

“எல்லாருக்கும் சொல்லப்போறன் அக்கா. உங்கடை கைதான் என்னைக் காப்பாத்தினது.”

ஞானேஸ்வரி மீனை வாங்கிக்கொண்டார். “சொல்லிப்போடாதையும். பிறகு திரும்பவும் கதவடியிலை மறிச்சுக்கொண்டு நிப்பினம்.”

“அப்ப உங்கடை பேர்?”

“அதை விடும். கால் எப்பிடி? நடந்து காட்டும் பாப்பம்.”