பறித்தவர்களுக்குத்தான் சோறு

என் மகள் மூன்று வயதிலிருந்தே வெள்ளைச் சோறும் தயிரும் தவிர வேறெதையும் விரும்பித் தின்றதில்லை. தாளிப்பில் விழுந்த கறிவேப்பிலையைக்கூட விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒட்டிவைப்பாள். கீரையைச் சோற்றுக்குள் ஒளித்து உருட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், விழுங்கமாட்டாள். கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் வாசலில் துப்பிவிட்டு வருவாள்.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று இருந்தது. திருவாரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால்வாடியில் நான்தான் டீச்சர். பிள்ளைகளுக்குக் கீரை கொடுங்கள், கண் நன்றாகத் தெரியும், ரத்தம் ஊறும் என்று தாய்மார்களை உட்காரவைத்துச் சொல்வது என் வேலை. அவர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, எழுந்து போகும்போது என் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள்.

பால்வாடிக்கு வரும் மற்ற பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சத்துமாவு உருண்டை கொடுத்தால் சமர்த்தாகக் கையில் வாங்கிக்கொள்வார்கள். ஒருநாள் பதிவேடு வைக்கும் அலமாரிக்குப் பின்னாலிருந்து எறும்பு சாரை சாரையாக வர, நகர்த்திப் பார்த்தால் காய்ந்த உருண்டைகள் சுவரோரம் வரிசையாக அடுக்கியிருந்தன. என் மகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று மற்ற பிள்ளைகள் காட்டிக்கொடுத்தார்கள்.

சமைக்க ஓர் ஆயா இருந்தாள். ஆயா என்பது வேலையின் பெயர்தான். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். எங்கள் தெருவில் எல்லாரையும்போல அவளும் அவள் புருஷனும் மிராசுதார் வயலில் நடவும் அறுப்பும் செய்து வளர்ந்தவர்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெருவும் பால்வாடியும். அந்தப் பக்கம் மிராசுதார் வீடு. நடுவில் ஒரு மூங்கில் பாலம்.

அந்த வருஷம் தை அறுப்புக்குக் கூலி உயர்த்திக் கேட்டு எங்கள் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். வயலில் தகராறு வந்தது. அந்த வீட்டிலிருந்து கொடுத்த புகாரின்பேரில் போலீஸ் வந்து எட்டுப் பேரைப் பிடித்துக்கொண்டு போனது. அதில் ஆயாவின் புருஷனும் ஒருவர். என் வீட்டுக்காரர் அன்று ஊரில் இல்லாததால் தப்பினார்.

மறுநாளிலிருந்து பெண்கள் எல்லாரும் எட்டுப் பேரையும் விடச் சொல்லிச் சங்கக் கொடிமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் பொழுதுக்கும் பால்வாடியில். அரிசியும் பருப்பும் இருந்தன. தகராறில் பஸ் நின்றுபோனதால் காய்கறி வரவில்லை. வழக்கமாக ஆயா வயல் வரப்பில் கீரை பறித்துவருவாள். இப்போது எங்கள் தெரு ஆள் யாரும் வரப்பில் கால் வைக்கக்கூடாது என்று மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். வாய்க்கால் கரை மட்டும் புறம்போக்கு, அதில் யாரும் எதுவும் சொல்லமுடியாது. கரையோர ஈரத்தில் ஆரைக்கீரை மண்டிக்கிடந்தது. ஒரு காம்புக்கு நாலே இலை, பூ விரிந்த மாதிரி இருக்கும்.

அத்தனை பிள்ளைகளுக்கும் ஒருத்தியால் பறித்துத் தீராது என்று ஆயா பிள்ளைகளையே கரையில் இறக்கிவிட்டாள். ஆளுக்கொரு கொட்டாங்கச்சி. நாலு இலை இருக்கிறதா என்று எண்ணி எண்ணிப் பறித்தார்கள். பாசிப்பருப்பும் பூண்டும் போட்டு வேகவைத்து, மத்தால் கடைந்து சோற்றில் ஊற்றினாள். நான் பாடமாகச் சொல்லியும் தின்னாத கீரையைப் பிள்ளைகள் தட்டைச் சாய்த்து வழித்துத் தின்றார்கள். இது நான் பறித்தது, அது நீ பறித்தது என்று தட்டுக்குள்ளேயே சண்டை. என் மகள் மட்டும் கொட்டாங்கச்சி நிறையப் பறித்துக் கொடுத்துவிட்டு, வெறுஞ்சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பிள்ளைகள் பறிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் அக்கரையில் மிராசுதாரின் மருமகள் வந்து நின்றாள். இடுப்பில் நாலு வயது மகள், காது மட்டும் பெரிதாகத் தெரிகிற மெலிந்த பிள்ளை. கீரை பறிக்கும் எங்கள் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னிடம் தயங்கித்தான் பேசினாள். பிஸ்கட்டும் பாலும் தவிர எதுவும் இறங்குவதில்லையாம். கும்பகோணத்து டாக்டர் கொடுத்த டானிக்கையும் துப்பிவிடுகிறாளாம். ஒருதரம் வீட்டுக்கு வந்து பார்க்கமுடியுமா என்று கேட்டாள்.

"இப்ப நான் உங்க வீட்டுப் படியேற முடியாதுங்க. பாப்பாவ இங்க கூட்டிட்டு வாங்க" என்றேன்.

அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். அந்த வீட்டுப் பிள்ளை எங்கள் தெருப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தின்பதாவது. நானே அதைச் சொல்லியிருக்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அடுத்த நாள், மிராசுதார் பேச்சுவார்த்தைக்கென்று தாலுகா ஆபீசுக்குப் போன பிறகு, அவள் பாலத்தைப் பிடித்துப் பிடித்துக் கடந்து வந்தாள். பிள்ளையை இறக்கிவிட்டாள். ஆயா அடுப்பிலிருந்து எழுந்து வந்து இரண்டு பேரையும் பார்த்தாள். அவள் புருஷன் ஜெயிலுக்குப் போய் ஏழு நாள் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணை விட்டுவிட்டு, பிள்ளையிடம்தான் கேட்டாள்.

"கீரை பறிச்சியா?"

பிள்ளை இல்லையென்று தலையாட்டியது.

"இங்க பறிச்சவங்களுக்குத்தான் சோறு. போயி பறிச்சிட்டு வா."

கொட்டாங்கச்சியைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தாய்க்காரி கரையிலேயே குந்திக்கொண்டாள். பிள்ளை வெள்ளிக் கொலுசோடு சேற்றில் இறங்கியது. என் மகள்தான் அதற்கு எது ஆரைக்கீரை, எது களை என்று காட்டிக்கொடுத்தாள்.

சாப்பாட்டுக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. அந்தப் பிள்ளை முதல் வாயை ரொம்ப நேரம் மென்றது. பிறகு இரண்டாவது வாய். தட்டு காலியானதும் தலையை நிமிர்த்தி ஆயாவைப் பார்த்தது. ஆயா இன்னொரு கரண்டி ஊற்றினாள். தாய்க்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் துடைத்தாள். என் மகள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் சோற்றிலும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். மூன்று வாய்தான் தின்றாள். துப்பவில்லை.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கோபப்பட்டார், எட்டுப் பேர் உள்ளே இருக்கும்போது அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறாயா என்று கேட்டார். கொடிமரத்தடியில் பெண்களும் அதையே கேட்டார்கள். ஆயாதான் எழுந்து பேசினாள்.

"எம் புருஷன்தான் உள்ள இருக்கு. எனக்கு இல்லாத கோவமா உங்களுக்கு? திங்காத புள்ளய வச்சிக்கிட்டு ஒருத்தி வந்து நின்னா, கூலிப் பேச்ச முடிச்சிட்டு வான்னா சொல்லமுடியும்?"

பெண்கள் அதோடு விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்காமல் இருந்தார்.

அந்தப் பிள்ளை நாலு நாள் வந்தது. ஐந்தாம் நாள் காரியக்காரர் பார்த்து, வீட்டில் சொல்லி, வரத்து நின்றது. பாலத்தின் மூங்கிலையும் பிரித்துப்போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் அக்கரையில் வந்து நின்று ஆயாவைக் கூப்பிட்டாள். அதே கீரையை ஆளைவிட்டுப் பறித்து வந்து செய்து கொடுத்தாளாம், பிள்ளை தொடக்கூட இல்லையாம். என்ன போட்டுக் கடைகிறீர்கள் என்று கேட்டாள். ஆயா இக்கரையிலிருந்து எட்டுக்கட்டைக் குரலில் பருப்பு இவ்வளவு, பூண்டு இவ்வளவு, உப்பைக் கடைசியில் போடுங்க என்று சொன்னாள். சொல்லிவிட்டு, "புள்ளயப் பறிக்க விட்டீங்களா?" என்று கேட்டாள். அவள் கரையோரக் கீரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் ஆள் நடமாட்டம் அடங்கியிருந்த நேரத்தில் பார்த்தேன். அக்கரையில் அந்தப் பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மகளோடு குனிந்து கீரை பறித்துக்கொண்டிருந்தாள். கீரையைப் போட ஒரு வெள்ளிக் கும்பா கரையில் இருந்தது.

மாசி முடிவதற்குள் கூலியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. எட்டுப் பேரும் திருச்சி ஜெயிலிலிருந்து திரும்பினார்கள். ஆயாவின் புருஷன் பாதியாக இளைத்து வந்திருந்தார். அன்று அவள் வீட்டில் தெருவே கூடியிருந்தது. ஊரே மெச்சிய கீரையைக் கடைந்து, சுடச்சுடச் சோறு போட்டு அவர் முன்னால் வைத்தாள். அவர் தட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அங்கயும் தெனம் கீரைதான் போட்டான். கருவாடு ஏதும் இல்லயா?"

கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அவளும் சிரித்துக்கொண்டே, பக்கத்து வீட்டில் கருவாடு கேட்டு வாங்கிவரப் போனாள்.