சாத்திய கதவுக்கு ஒன்பது லட்சம்

கோயம்புத்தூருக்கு வந்த நான்காம் நாள் அது. காலையில் வாசலைக் கூட்டிவிட்டு உள்ளே வந்தேன். கை தானாகப் பின்னால் போய்க் கதவைச் சாத்தித் தாழும் போட்டுவிட்டது. டெக்சாஸில் மகன் வீட்டில் ஆறு வருடம் பழகிய கை. நான் கவனிக்கவே இல்லை. சாயங்காலம்தான் எதிர்வீட்டுத் துளசி சொன்னாள்.

"ரெண்டு தடவ வந்து பாத்தேனுங்கக்கா. கதவு சாத்தியிருந்துச்சு. சொல்லாமக்கொள்ளாம பிளேன் ஏறிப்போட்டாங்கன்னு நெனச்சுட்டேன்."

"பெல் அடிக்கறதுதான அம்மணி?"

"பெல் அடிக்கறதுக்கு நானென்ன கொரியர்காரனுங்களா?"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பகலில் கதவு திறந்திருந்தால் தெரிந்தவர்கள் குரல் கொடுத்துக்கொண்டே வந்து உட்கார்வார்கள். சாத்தியிருந்தால் ஆள் இல்லை, இல்லையென்றால் தொந்தரவு செய்யக்கூடாது என்று திரும்பிவிடுவார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். கூச்சக்காரி. நானாக யார் வீட்டுக்கும் போய் உட்கார்ந்தது கிடையாது. போனால் என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள் வாசலிலிருந்தே திரும்பிவிடுவேன். எனக்கு நாலு பேர் பழக்கம் என்று இருந்தால், அது கதவு திறந்து கிடந்ததால் வந்ததுதான்.

அமெரிக்கா போன முதல் கோடையில் அங்கேயும் கதவைத் திறந்து வைத்தேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு வயதான வெள்ளைக்கார அம்மா படியருகே வந்து எட்டிப் பார்த்தார். ஆறு வாரத்தில் தேடி வந்த முதல் ஆள். சந்தோஷத்தில் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தேன், காப்பி போட்டேன். அவர் கதவைக் காட்டிக் காட்டி ஏதோ கேட்டார். நல்ல கதவு என்று சொல்கிறார் போல என்று நானும் தலையாட்டினேன். சாயங்காலம் மகன் சிரித்துக்கொண்டே விவரம் சொன்னான். திருடன் புகுந்துவிட்டானோ என்று பயந்து வந்திருக்கிறார். அதோடு, திறந்த கதவு வழியாக ஏசி காற்றெல்லாம் தெருவுக்குப் போகிறதே என்று அவருக்கு அங்கலாய்ப்பு. அன்றைக்குச் சாத்திய கதவுதான். அதன்பிறகு அந்த அம்மாவும் வரவில்லை. நானும் போகவில்லை.

இந்த வருடம் மகன் செந்தில் ஒரு ஏற்பாடு சொன்னான். கோயம்புத்தூர் வீட்டுக்கு அங்கே மாதிரியே சென்ட்ரல் ஏசி போட்டுவிட்டால், பேரப்பிள்ளைகளும் மருமகளும் வெயிலுக்குப் பயப்படாமல் வருடா வருடம் இரண்டு மாதம் வந்து இருப்பார்களாம். அவர்கள் வந்தால்தான் நானும் வரமுடியும். தனியாக அனுப்ப அவனுக்கு மனசில்லை. அதனால் சரியென்றேன். வேலையை முடித்து வைக்க அவனும் நானும் முன்னால் வந்திருந்தோம்.

ஏசி இன்ஜினியர் வந்து அறை அறையாக அளந்தார். மிஷின், கூரைக்கடியில் ஓடுகிற தகரக் குழாய், அதை மறைக்க ஃபால்ஸ் சீலிங், கரண்ட் லோடு கூட்டுவது எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம் என்றார். கூரை ஒன்றரை அடி இறங்கும். ஜன்னல்களுக்குத் திறக்காத கண்ணாடி. கடைசியாக ஆசாரத்துக்கு வந்தார். வாசலைத் தாண்டியதும் இருக்கிற முன்கூடத்தைத்தான் நாங்கள் ஆசாரம் என்போம்.

"இந்தக் கதவுக்கு மேல ஒரு க்ளோசர் மாட்டிருவோமுங்க. திறந்தாலும் தானா சாத்திக்கும்."

வெளியாள் எதிரில் எனக்குப் பேச வராது. அவர் போகும்வரை சமையலறையில் நின்றுவிட்டு வந்து மகனிடம் சொன்னேன். "ஆசாரத்துக்கு மட்டும் வேண்டாங் கண்ணு."

"பாதிய உட்டுட்டுப் போட்டா அதென்னம்மா சென்ட்ரல் ஏசி?"

"கதவு சாத்திக்கிட்டா யாரும் வரமாட்டாங்க."

"துளசியக்காவுக்கு போன் பண்ணு, வருவாங்க."

"வான்னு கூப்பிட எனக்கு வாய் வராது சாமி. அதுக்கு நான் அங்கியே இருந்துக்கறேன்."

அவன் இன்ஜினியருக்குப் போன் போட்டான். ஆசாரத்தை விட்டால் அறுபதாயிரம் குறையுமாம். ஆனால் குளிர் உள்ளேயே நிற்க நடுவில் கண்ணாடித் தடுப்பும் கதவும் வைக்க எண்பதாயிரம் ஆகுமாம்.

"ஏசி வேண்டாம்னு சொல்றதுக்கு இருவதாயிரம் சேத்துக் குடுக்கற ஆளு ஊர்லயே நீ ஒருத்திதான்" என்றான். ஆனாலும் வைத்துக் கொடுத்தான்.

வேலை முடிந்து பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் போர்வைக்குள் இங்கிலீஷில் சண்டை போடுகிறார்கள். உதடு அசைவது தெரிகிறது, சத்தம் வருவதில்லை. இந்தப் பக்கம் துளசி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கோ பெண் பார்க்கப் போன கதையைச் சொல்கிறாள். கண்ணாடியில் சாய்ந்து உட்கார்ந்து கேட்கிறேன். முதுகு சில்லென்று இருக்கிறது. முகத்தில் தெருவெயில் அடிக்கிறது.