ஈஸ்ட் டாமாக்கியில் அறாத நூல்

தொண்ணூற்றேழாம் ஆண்டு, குளிர் இன்னும் விடாத ஒரு செப்டம்பர் செவ்வாய்க்கிழமை. ஆக்லாந்தின் மேற்குக் கோடியில் உள்ள ஹென்டர்சனிலிருந்து கிழக்கே ஈஸ்ட் டாமாக்கிக்கு, எஞ்சினியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனேன். கார் இல்லாமல் இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். கொழும்பில் பதினொரு வருடம் இரும்பைச் சோதித்த எஞ்சினியர் நான். ஆக்லாந்தில் ஒன்பது மாதமாக வேலை இல்லை. இதுவும் சரிவராவிட்டால் திங்கட்கிழமை கோழி வெட்டும் ஆலைக்குப் போவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

காலை 6.10க்கு ரயில். நகரத்தில் இறங்கி நடந்துபோய் பஸ் பிடித்தால் 8.05க்குப் பக்குரங்கா பிளாசா. எல்லாமாக ஏழு டாலர் ஆனது. அங்கிருந்து தொழிற்சாலை ஐந்து கிலோமீட்டர். அடுத்த பஸ்ஸைப் பற்றி டிரைவரிடம் கேட்டேன். காத்திருப்பதைவிட நடந்தால் முந்திப் போகலாம் என்றார், மனுசன். நடந்தேன், ஒரு மணி நேரம். புதுச் சப்பாத்து காலைக் கடித்துவிட்டது.

அது மீன்வலைக்கு நூல் செய்யும் இடம். உயரமான வெள்ளைக்காரச் சூப்பர்வைசர், தடித்த நைலான் நூல் ஒன்றை இழுவை இயந்திரத்தில் மாட்டி, எவ்வளவு தாங்கும் என்று பார்த்து எழுதச் சொல்லிவிட்டுப் போனார். அரை நிமிடத்தில் நடுவில் ஓரிடம் சட்டென்று மெலிந்தது. இழுவிசை காட்டும் முள்ளும் இறங்கியது. இரும்பு இப்படி மெலிந்தால் அதோடு சரி, அங்கேயே அறும். இயந்திரத்தை நிறுத்தி, ‘தாங்காது’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அப்போது எனக்கிருந்த பெருமையை என்னவென்று சொல்ல!

பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் பிலோமினா, மலேசியத் தமிழ்ப் பெண். என் தாளை எட்டிப் பார்த்தார்.

"ஏன் அண்ணே நிப்பாட்டிட்டீங்க? இப்பதானே ஆரம்பிக்குது. விட்டுப் பாருங்க."

மறுபடி ஓடவிட்டேன். மெலிந்த இடம் அறவில்லை. இழுபட்டதிலேயே அது பலமாகிவிட்டது. அதற்கு இருபுறமும் இருந்த தடித்த பகுதிதான் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டு போனது. ஒரு சாண் நூல் மூன்று சாண் ஆகியும் அறவில்லை. எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம், பிலோமினா காட்டிக்கொடுக்கப் போவதில்லை. மனம் வரவில்லை. எழுதியதை வெட்டி, ‘பிழை. எனக்கு இரும்புதான் தெரியும்’ என்று கீழே எழுதிக் கொடுத்தேன்.

சூப்பர்வைசர் அதை இரண்டு தரம் படித்தார். எஞ்சினியர் வேலைக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார். பிறகு, பிலோமினாவிடம் இயந்திரம் ஓட்டப் பழகத் திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்டார். தலையாட்டினேன்.

போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், பக்கத்தில் ஒரு டெய்ரிகூட இல்லை, இங்கே பெட்டிக்கடைக்கு அதுதான் பெயர். பழைய சப்பாத்தே போதும். திரும்பி வர மூன்று மணி நேரம் வையுங்கள். பழகாத பொருளைக் கையில் தந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

பிளாசாவிலிருந்து மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"எஞ்சினியர் வேலையோ?"

"இல்லை. மெஷின் ஓட்டப் பழகுற வேலை."



"அப்ப ஏன் சிரிக்கிறியள்?" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.