சரளாவைத் தனியாக விடாதவர்கள்

ரிச்சர்ட்ஸ் டவுனில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை கூடும் நாட்டுப்பாட்டு கிளப்பில் எல்லாருமே தங்கமான மனிதர்கள். சரளாவின் பிரச்சினையே அதுதான்.

கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இவர்களோ இடம் பிடித்து வைப்பார்கள், பப்ஸ் எடுத்து வைப்பார்கள், பாட எழுந்தால் கூடவே பாடியும் தொலைப்பார்கள். கிளப்பை நடத்தும் ஹெர்பர்ட், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், தொடங்கும்போதே கிதாரைத் தட்டிச் சொல்லிவிடுவார்: "மைக் கிடையாது, மேடை கிடையாது. யார் பாடினாலும் அவங்களத் தனியா விடக்கூடாது." அங்கே அது வேதவாக்கு. முதல் வரி காதில் விழுந்தால் போதும், இரண்டாம் வரிக்குக் கூட்டமே குரல் கொடுக்கும். பாட்டு தெரியாதவர்கள் கை தட்டுவார்கள். தாளம் தெரியாதவர்கள் இன்னும் பலமாகத் தட்டுவார்கள்.

பல் டாக்டர் கிளினிக்கில் பகலெல்லாம் மற்றவர்கள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சரளாவுக்கு, தன் முறை என்று இருந்தது இந்த ஒரு பாட்டுதான். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் பெண்களைப் பற்றி அவளே கட்டி, மாதாமாதம் பாடிக் கிளப்புக்கே மனப்பாடமான பாட்டு. போன மாதம் அதை வீடியோ எடுத்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கும் மகள் அனுஷாவுக்கு அனுப்பினாள். பதில் வந்தது: "நல்லாருக்கும்மா. இதுல உன் குரல் எது?"

அந்தக் கேள்வி சரளாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பெற்ற மகளுக்கே தெரியவில்லை என்றால் அப்புறம் என்ன பாட்டு, என்ன கிளப்? இந்த மாதம் அனுஷாவை நேரிலேயே வரச்சொல்லிவிட்டாள். ஒரு தடவையாவது, முழுப் பாட்டையும், தன் குரலில் மகள் கேட்க வேண்டும்.

ஹாலுக்குள் நுழைந்ததுமே ஹெர்பர்ட்டைப் பிடித்தாள். "சார், இன்னைக்கு நான் மட்டும் பாடறேன். யாரும் கூடப் பாட வேணாம்."

"அதுக்கென்னம்மா, தாராளமா!" என்றவர், அவள் முறை வந்ததும் எழுந்து நின்று அறிவித்தார். "சரளா இன்னைக்குத் தனியாப் பாடுது. பாவம், பயமா இருக்கும். நாமெல்லாம் சப்போர்ட்டா இருக்கணும்."

சரளா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"விடியலிலே வருமுன்னு சொன்ன தண்ணி லாரி, வெய்யில் வந்தும் காணலியே, வெறுங்குடமா நானு..."

முதல் அடிக்கு அமைதி. இரண்டாம் அடியில் ஒரு முனகல் கேட்டது. முன்வரிசை வீணா, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகத்தான். முனகினால் பாடியதாகாது என்று அந்த அம்மாளுக்கு நினைப்பு. முனகலைக் கேட்டுப் பக்கத்து நாற்காலி நாகேஷ் தொடையில் தாளம் போட்டார். தாளம் கேட்டால் ஹெர்பர்ட்டின் கிதார் சும்மா இருக்குமா? மூன்றாம் அடிக்குள் தண்ணீர் லாரியை ஹாலே சேர்ந்து இழுத்துக்கொண்டு போனது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் சரளா. "ஸ்வல்ப நேரம் வாய மூடிட்டு இருக்கமாட்டீங்களா? எப்பப் பார்த்தாலும் கூடவே, கூடவே! ஒரே ஒரு பாட்டு சார்! என் பொண்ணு வந்திருக்கா. அவ என் குரலக் கேக்கணும்!"

ஹெர்பர்ட் கிதாரை நாற்காலிக்கு அடியில் வைத்தார். வீணா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சரளா முதலிலிருந்து எடுத்தாள். கோபத்தில் குரல் நன்றாகவே எழுந்தது. மேலே ஏறும் இடம் வந்ததும் உடைந்தது. இத்தனை மாதமும் அந்த இடத்தைத் தாண்டியது தன் குரல் அல்ல, கூட்டத்தின் குரல் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேண்டாதபோதெல்லாம் கத்துகிறவர்கள், வேண்டிய நேரத்தில் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள். அதற்கும் எரிச்சல் வந்தது. அதே அடியைத் திரும்பப் பாடினாள். கரகரத்தது. விடாமல் பாடி முடித்தாள்.

யாரும் கை தட்டவில்லை. தட்டினால் திட்டு விழுமோ என்ற பயம்.

பின்வரிசையில் அனுஷா எழுந்தாள். "அம்மா, இன்னொரு வாட்டி பாடும்மா."

"ஒன்ஸ் மோர்!" என்று ஹெர்பர்ட் துள்ளினார். கிதார் எப்படித்தான் மடிக்கு வந்ததோ. "எல்லாரும் சேர்ந்து..."

"வேணாம் சார்." அனுஷாவின் கண் கலங்கியிருந்தது. "அம்மா மட்டும். அந்த உடைஞ்ச எடத்தோட."

உடைந்த இடத்தை ஊருக்கே சொல்லிக்காட்ட வேண்டுமா இந்தப் பெண்? சரளா மகளை முறைத்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.