ஒரே நிழலில் ஏழு பலகைகள்

திருப்பதியின் பழைய குளத்தங்கரைத் தெருக்களை வழிகாட்டி இல்லாமல் நாமே நடந்து பார்க்கலாம், ஏழு இடங்களில் பலகை உண்டு என்று கைபேசி சொன்னது. போனேன். ஏழும் படித்துறையில் ஒரே நிழலில் வரிசையாக நின்றன.

பக்கத்து நாற்காலியில் காவல்காரர். நரைத்த மீசை, பளிச்சென்று நாமம். மலைமேல் தரிசன வரிசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பேசும்போதெல்லாம் அவர் வலது கை, அங்கே இல்லாத ஒரு கூட்டத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தது.

"தெப்பத் திருவிழாவுக்குப் பலகைங்களைக் கழட்டுனாங்க சார். எது எங்க இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? நான்தான் லைனா வச்சேன். ஜனங்க எதுக்கு வெயில்ல சுத்திக்கினு இருக்கணும்?"

"இந்த மூணாவது பலகையில போட்டிருக்கிற மண்டபம் எங்கே இருக்கு?"

"அது அங்கதான் இருக்குது. எங்க போயிடப் போவுது?"

அந்தப் பலகையையே இன்னொரு முறை படித்தேன். அவர் கை அசைந்தது.

"ஜரகண்டி, ஜரகண்டி" என்று தெலுங்கில் நகரச் சொன்னார்.

எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. ஆனாலும் நகர்ந்தேன். ஏழாவது பலகையைத் தாண்டியதும், தீர்த்தம் வாங்குவதற்கு நீட்டுவதுபோல், என் கை தானாக அவர் முன்னால் நீண்டது.